பழைய கணினி நெட்வொர்க்குக்காக 5 நிமிடம் காத்திருக்க வேண்டுமா?

லேப்_பொறுப்பு:
எங்கள் மையத்தில் 6 பழைய கணினிகள், எல்லாம் டெபியன் லினக்ஸ். கேபிள் கழன்றிருந்தால், பூட் ஆகும்போது நெட்வொர்க் வரியில் 5 நிமிடம் நிற்கிறது. மெஷின் போய்விட்டது என்று பிள்ளைகள் பவர் பட்டனை அழுத்திவிடுகிறார்கள். நெட்வொர்க் முகவரி கேட்டு வாங்கும் நிரலான டிஎச்க்ளையன்ட்டின் டைம்-அவுட்டை (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 10 விநாடியாக்கட்டுமா?

சுவிட்ச்காரன்:
10 வேண்டாம். கேபிள்கள் சேரும் சுவிட்சில் பழைய வகை ஸ்பானிங் ட்ரீ (இணைப்புகள் வளையமாகச் சுற்றாமல் தடுக்கும் முறை) ஓடினால், லிங்க் வந்த பிறகும் போர்ட் 15 விநாடி கவனிக்கும், இன்னும் 15 விநாடி கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் திறக்கும். முகவரி கேட்கும் முறையான டிஎச்சிபிக்கு 1997-இல் வந்த விதி ஆவணம் ஆர்எஃப்சி 2131. அதன் கணக்குப்படி, முகவரி கேட்டு பதில் இல்லையென்றால் சுமார் 4 விநாடியில் மறுபடி கேட்கும், அடுத்தது 8 விநாடி கழித்து. 10 விநாடிக்குள் கேட்பது இரண்டே தடவை, இரண்டும் மூடிய போர்ட்டோடு போச்சு. அதன்பின் டிஎச்க்ளையன்ட் தூங்கிவிடும். ரீட்ரை நேரத்தை மாற்றாவிட்டால் மறுபடி எழ 5 நிமிடம்.

பழையபெட்டி:
5 நிமிடம் திரையை வெறித்துக்கொண்டிருப்பதற்கு 10 விநாடி எவ்வளவோ மேல். பழைய ஹார்ட் டிஸ்கை ஓடும்போதே அணைத்தால் என்ன ஆகும் என்று தெரியும் அல்லவா? 30 விநாடிதான் பிரச்சினை என்றால் சுவிட்சில் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள், போர்ட் உடனே திறக்கும்.

சுவிட்ச்காரன்:
சுவிட்ச் அவர் கையில் இருந்தால் போடட்டும். ஆனால் எத்தனை விநாடி என்பதா இங்கே கேள்வி? பூட் ஏன் காத்திருக்க வேண்டும்? நெட்வொர்க் அமைப்பு இருக்கும் இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'ஆட்டோ' இருக்கும் இடத்தில் 'அலோ-ஹாட்ப்ளக்' என்று மாற்றுங்கள். முகவரி தேடுவது பின்னணியில் நடக்கும், லாகின் திரை வந்துவிடும்.

பழையபெட்டி:
இதைத்தான் எதிர்க்கிறேன். நான் பார்த்துக்கொண்ட ஓர் இடத்தில் ஹோம் (பயனர் கோப்புகள் இருக்கும் இடம்) எல்லாம் என்எஃப்எஸ், அதாவது நெட்வொர்க் வழியே வேறொரு சர்வரில். நெட்வொர்க் வருமுன் லாகின் செய்த ஒரு பெண் மாலை வரை தட்டச்சு செய்தது உள்ளூர் டிஸ்கிலேயே சேமிக்கப்பட்டது. பிறகு சர்வரின் ஹோம் அதே இடத்தில் மவுண்ட் ஆனதும் (இணைந்ததும்) அது அடியில் மறைந்துவிட்டது. கோப்பு போய்விட்டது என்று அழுதுவிட்டார். மவுண்டைக் கழற்றித்தான் எடுத்துக் கொடுத்தேன். அங்கே பூட் காத்திருக்கத்தான் வேண்டும்.

சுவிட்ச்காரன்:
அந்த இடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனாலும் மவுண்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியில் எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் சேர்த்தால், தொடும்போதுதான் மவுண்ட் ஆகும்; ஹோமைத் தொடுபவர் மட்டும் காத்திருப்பார்.

லேப்_பொறுப்பு:
எங்களுக்கு ஹோம் உள்ளூர் டிஸ்கில்தான், சுவிட்சும் சாதாரண 8 போர்ட். ஒரு மெஷினில் ஹாட்ப்ளக் மாற்றினேன், கேபிள் இல்லாமலும் லாகின் உடனே வருகிறது. டைம்-அவுட்டைத் தொடவில்லை.

பழையபெட்டி:
டிஎச்க்ளையன்ட் மறுபடி எழும் ரீட்ரை நேரத்தை மட்டும் 20 விநாடி ஆக்குங்கள். தாமதமாகக் கேபிள் செருகும் பிள்ளைக்கு உதவும்.