மாவட்டக் கூட்டுக் குறியீட்டைத் திருத்த இரண்டு நாள் நிபுணர் பட்டறை: எதை முதலில் பேசுவது?

வைகைக்கரை கேட்டது:

தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களுக்கும் ஆண்டுதோறும் சுகாதாரம், கல்வி, வாழ்க்கைத் தரம் மூன்றும் சேர்ந்த ஒரு கூட்டுக் குறியீடு கணக்கிடுகிறோம். மொத்தம் 14 குறிகாட்டிகள். ஒவ்வொன்றையும் மின்-மேக்ஸ் முறையில் (மிகக் குறைந்த எண் உள்ள மாவட்டத்துக்கு 0, மிக உயர்ந்ததற்கு 1) 0 முதல் 1 வரை மாற்றி, சம எடையில் சாதாரணச் சராசரி எடுக்கிறோம். இதைத் திருத்த 20 நிபுணர்களை அழைத்துப் பட்டறை நடத்தப் போகிறோம். முதல் நாள் முழுக்க எடை நிர்ணயம்: ஒவ்வொருவரும் 100 புள்ளிகளை 14 குறிகாட்டிகளுக்கும் பிரித்துத் தர வேண்டும். அந்தப் புள்ளிகளின் சராசரியை அப்படியே எடையாக வைத்துக்கொள்ளலாமா? பட்டறைக்கு முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

அட்டவணை பதில்:

எடையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நாம் கொடுக்கும் எடை வேறு, அந்தக் குறிகாட்டி தரவரிசையை உண்மையில் இழுக்கும் பலம் வேறு. இரண்டே குறிகாட்டிகள், இரண்டுக்கும் 0.5 எடை, ஒன்றோடொன்று ஒட்டுறவு இல்லை என்று வையுங்கள். ஒன்றின் திட்ட விலக்கம் (மாவட்ட மதிப்புகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.25, மற்றதன் விலக்கம் 0.05. கூட்டு மதிப்பின் மாறுபாட்டில் 96% முதல் குறிகாட்டியிலிருந்தே வரும். அறையில் எல்லோரும் "இரண்டும் சமம்" என்று கையெழுத்துப் போட்டிருப்பார்கள், கணக்கு அதற்குக் கட்டுப்படாது.

இன்னொரு கோணம். தேசிய குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் மருத்துவமனைப் பிரசவம் 99.6%. மாவட்டங்களுக்கிடையே வித்தியாசமே அற்பம். மின்-மேக்ஸ் அந்த அற்பத்தையும் 0 முதல் 1 வரை இழுத்துவிடும். கீழே 98, மேலே 100 என்றால் அரை சதவீதப் புள்ளி வித்தியாசம் 0.25 ஆகிவிடும். மாதிரி எடுப்பில் வரும் தற்செயல் ஏற்ற இறக்கம் மாவட்ட ஆட்சியரின் மதிப்பெண்ணாக மாறுவது இப்படித்தான். இதைக் குறியீட்டிலிருந்து எடுத்துவிட்டு, தனியாகக் கண்காணித்தால் போதும்.

நிபுணர்களிடம் கேட்க வேண்டியது திசையும் எல்லையும். அதே ஆய்வில் மாநிலத்தின் அறுவைசிகிச்சைப் பிரசவம் 44.9%. இது கூடினால் நல்லதா, குறைந்தால் நல்லதா? மிகக் குறைவும் ஆபத்து, மிக அதிகமும் தேவையற்றது. மக்கள்தொகை அளவில் 10 சதவீதத்துக்கு மேல் போவதால் தாய் சேய் இறப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. எந்த வரம்பிலிருந்து விலகினால் மதிப்பெண் குறையும் என்பதை எக்செல் சொல்லாது, மகப்பேறு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதல் நாள் காலையை இதற்குக் கொடுங்கள்.

எடைக்கு வரும்போது 14-ஐயும் ஒரே தாளில் தராதீர்கள். 10-க்கு மேல் போனால் ஆட்கள் ஐந்து ஐந்தாகப் போட்டு முடித்துவிடுவார்கள். முதலில் மூன்று பிரிவுகளுக்கு 100, பிறகு ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 100. பெயர் எழுதாமல் வாங்குங்கள். முதல் சுற்றின் பரவலைத் திரையில் காட்டிவிட்டு இரண்டாம் சுற்று. மாவட்டத் தரவரிசை அதுவரை யார் கண்ணிலும் படக் கூடாது. பட்டால் பேச்சு குறிகாட்டியை விட்டு "எங்கள் மாவட்டம் ஏன் 31-ஆவது" என்று போய்விடும்.

பொருநை பதில்:

தரவைப் பற்றி ஒன்று. அந்த ஐந்தாம் சுற்று 2017 மார்ச் நிலவரப்படியான எல்லைகளில் எடுக்கப்பட்டது. அப்போது நமக்கு 32 மாவட்டங்கள். தென்காசி, கள்ளக்குறிச்சி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறுக்கும் தனி எண் கிடையாது. தாய் மாவட்டத்தின் எண்ணை நகல் எடுத்துப் போட்டால் திருநெல்வேலியும் தென்காசியும் ஒட்டிப் பிறந்ததுபோல் நகரும். எத்தனை குறிகாட்டிகள் இப்படி நகல் என்பதை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எண்ணுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நகல் என்றால் அந்த மாவட்டத்துக்குத் தரவரிசை எண் கொடுக்காமல் பிரிவு மதிப்பெண்ணை மட்டும் வெளியிடுவதே நேர்மை.

அந்த ஆய்வின் மாவட்ட அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் உள்ள எண்கள் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்து வந்தவை. 12–23 மாதக் குழந்தைகளின் தடுப்பூசி எண்களில் இதைக் கவனியுங்கள். 50 குழந்தைகளில் 85% என்றால் பிழை வரம்பு ஏறத்தாழ ±10 புள்ளி. அதை ஒரு தசமத்தோடு எழுதி வரிசைப்படுத்துவதில் அர்த்தமில்லை.

சென்னையையும் தனியாகப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 26 ஆயிரத்துக்கு மேல், அடுத்த கன்னியாகுமரியில் சுமார் 1,100. இப்படி ஒரு பக்கம் நீண்ட குறிகாட்டியை நேராக மின்-மேக்ஸில் போட்டால் கன்னியாகுமரிக்கு 0.03. பெரிய எண்களின் இடைவெளியைச் சுருக்கும் மடக்கை (log) எடுத்துப் போட்டால் 0.30.

வைகைக்கரை:

நன்றி. மருத்துவமனைப் பிரசவம் எங்கள் பட்டியலில் இருக்கிறது, எடுத்துவிடுகிறோம். இன்னொரு சிக்கல்: ஒரு மாவட்டத்தின் எண் முன்னேறியும் குறியீட்டு மதிப்பெண் முந்தைய ஆண்டைவிடக் குறைந்துவிட்டது. கணக்கில் பிழை எதுவும் தெரியவில்லை. மதிப்பெண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்குச் சராசரிக்கு மாறினால் இது சரியாகுமா?

அட்டவணை பதில்:

ஆகாது, அவை இரண்டும் வேறு வேறு. மதிப்பெண் குறைந்ததற்குக் காரணம் ஆண்டுதோறும் எல்லை நகர்வது. சென்ற ஆண்டு எல்லா மாவட்டங்களின் வீச்சு (மிகக் குறைந்த எண் முதல் மிக உயர்ந்தது வரை) 40–80, உங்கள் மாவட்டம் 62: மதிப்பெண் 0.55. இந்த ஆண்டு வீச்சு 45–90, மாவட்டம் 66: மதிப்பெண் 0.47. எல்லையை நிலையாக வையுங்கள். மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுட்காலத்துக்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85 என்று வைத்திருப்பது இதற்காகத்தான். பட்டறையில் மீதி 13-க்கும் இப்படி இரண்டு எண்களை முடிவு செய்து, ஐந்தாண்டுக்குத் தொடுவதில்லை என்று எழுதி வாங்குங்கள்.

பெருக்குச் சராசரி வேறு நோய்க்கு மருந்து. சுகாதாரம் 0.9, கல்வி 0.1 என்றால் சாதாரணச் சராசரி 0.5, பெருக்குச் சராசரி 0.3. ஒன்றின் குறையை இன்னொன்று முழுதாக மறைக்க முடியாது. மனித மேம்பாட்டுக் குறியீடு 2010-இல் இதற்கு மாறியது. ஆனால் உங்கள் இப்போதைய மின்-மேக்ஸோடு சேர்த்தால் கடைசி மாவட்டத்துக்கு 0 வந்து பெருக்கல் முழுதும் 0 ஆகிவிடும். கீழ் எல்லையை, எந்த மாவட்டமும் தொடாத அளவுக்குத் தாழ்த்தி வைத்த பிறகே மாறுங்கள். பிரிவுக்குள் சாதாரணச் சராசரி, மூன்று பிரிவுகளைச் சேர்க்கும்போது மட்டும் பெருக்குச் சராசரி என்பது என் தேர்வு.

பொருநை பதில்:

முன்னேற்ற வேகத்தை வைத்தும் வரிசைப்படுத்தச் சொல்லி யாராவது கேட்பார்கள். 2018-இல் ஒன்றிய அரசு தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் மாதாமாதம் அப்படி ஒரு வரிசை உண்டு, நம் விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இருக்கின்றன. நிர்வாகப் பதிவேட்டு எண்களுக்கு அது பொருந்தலாம். மாதிரி ஆய்வு எண்ணில் ஒரு கழித்தலைச் செய்தால் இரண்டு ஆண்டுப் பிழையும் சேர்ந்துகொள்ளும்: ±10 என்பது ±14 ஆகும்.

முதல் நாள் இரவுக்கு ஒரு வேலை. 20 பேர் தந்த எடைகளைச் சராசரியாக்கி மற்றதைத் தூக்கி எறியாதீர்கள். மான்டே கார்லோ முறையில், அதாவது குலுக்கல் தேர்வுகளோடு கணக்கைப் பலமுறை ஓட்டும் முறையில், ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு நிபுணரின் எடைத் தொகுப்பைக் குலுக்கலில் எடுங்கள். கூடவே சாதாரணமா பெருக்கா, மடக்கை உண்டா இல்லையா என்பதையும் மாற்றுங்கள். 1,000 ஓட்டம் போதும், ஆர் மென்பொருளில் காய்ன்ஆர் (COINr) தொகுப்பு இதற்கே இருக்கிறது. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் 5-ஆவது, 95-ஆவது சதமானத் தரவரிசையை (ஓட்டங்களில் நடு 90% விழும் வரம்பின் இரு முனைகளை) குறியுங்கள். மறுநாள் காலை, மாவட்டப் பெயர்களை மறைத்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். 9 முதல் 24 வரை அலையும் மாவட்டத்துக்கு ஒற்றை எண் தரலாமா, நான்கு தொகுதிகளாகப் பிரித்து வெளியிடலாமா என்பதை அதைப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும்.