மறுமொழி: 'பிரிசம்ப்டிவ் சைன்ஸ்' – 'ஐயக்குறி' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கர்ப்பமாக இருக்கலாமோ என்று எண்ண வைக்கும் குறிகளை மகப்பேறு மருத்துவத்தில் 'பிரிசம்ப்டிவ் சைன்ஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'ஐயக்குறி' என்று வைக்கலாமா என்று கேட்டிருந்தேன். இரண்டு நாட்களாக வந்த மடல்களைச் சேர்த்துப் படித்தேன். சொல் எங்கே போய் உட்காரப் போகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். பாடநூலுக்கு மட்டும் என்றால் எதை வைத்தாலும் மாணவர்கள் உருப்போட்டுக்கொள்வார்கள். நாங்கள் தயாரிப்பதோ துணை சுகாதார நிலையங்களில் வைக்கிற சின்னக் கையேடு. அதைக் கையில் எடுக்கிறவர் அநேகமாகத் தனியாகத்தான் படிப்பார். விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணாக இருக்கலாம், இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கும் தாயாகவும் இருக்கலாம். 'இருக்குமோ?' என்று கலங்கி வருகிறவரிடம் 'கர்ப்பத்தின் அறிகுறிகள்' என்று ஒரு பட்டியலை நீட்டினால், அதில் நாலைந்து தனக்கும் பொருந்துவதைப் பார்த்து அன்றிரவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். பொருந்தாவிட்டால் நிம்மதியாகத் தூங்கிவிடுவார். இரண்டுமே ஆபத்து.

> 'அறிகுறி' என்ற ஒரு சொல் போதாதா? எதற்கு மூன்று?

மகப்பேறு மருத்துவமே மூன்றாகத்தான் பிரிக்கிறது ஐயா. பெண் தானே உணர்பவை முதல் வகை: நாள் தள்ளிப்போவது, குமட்டல், மார்பு கனத்து வலிப்பது, அடிக்கடி சிறுநீர், தீராத அசதி. இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் இருக்க முடியும். தைராய்டு கோளாறு, சினைப்பை நீர்க்கட்டி, கடும் மன அழுத்தம் எல்லாமே நாளைத் தள்ளிப்போடும். மார்பு வலி மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலும் வரும். இரண்டிலும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. இரண்டாம் வகை, சோதித்துக் காண்பவை: கருப்பை பெரிதாவது, கருப்பை வாய் மென்மையாவது, சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு விழுவது. மூன்றாவது, மறுபேச்சுக்கு இடமில்லாதவை: ஸ்கேனில் கரு தெரிவது, அதன் இதயத்துடிப்பு, மருத்துவர் கையில் உணரும் அசைவு.

இரண்டு கோடு இரண்டாம் வகையில்தான் இருக்கிறது என்றதும் பலருக்கு வியப்பு. அந்தக் கோடு காட்டுவது எச்.சி.ஜி என்ற ஹார்மோனை மட்டுமே. கரு கருக்குழாயில் தங்கினாலும் கோடு விழும், கரு சரியாக வளராமல் நஞ்சுத் திசு கொப்புளங்களாகப் பெருகும் முத்துப்பிள்ளை கர்ப்பத்திலும் விழும், குழந்தைப்பேற்று சிகிச்சையில் அந்த ஹார்மோனையே ஊசியாகப் போட்ட சில நாட்களுக்கும் விழும்.

ஆகவே என் பரிந்துரை: ஐயக்குறி, வலுக்குறி, உறுதிக்குறி.

நடுவில் உள்ளதற்கு 'வாய்ப்புக்குறி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வாய்ப்பு என்றால் நமக்கு நல்லது ஏதோ கைகூடுகிறது என்ற தொனி. எதிர்பாராமல் தங்கிவிட்டதோ என்று பதறுகிறவரிடம் அது கிண்டலாகப் போய்விடும். அகப்பொருள் இலக்கணத்தில் கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காதலுக்கு, காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்று ஒரு வரிசை உண்டு. அந்த ஆசையில் 'துணிவுக்குறி' என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் துணிவு இன்று தைரியம் என்றே பொருள்படுகிறது. 'சந்தேகம் வலுத்துவிட்டது' என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த வலுவே போதும்.

> ஊர்வழக்கில் 'முழுகாமல் இருக்கிறாள்' என்ற அழகான தொடர் இருக்கிறதே?

அழகுதான். ஆனால் அது தெரிந்துபோன பிறகு வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. மாதவிடாய் நின்று தலை முழுகுவதை வைத்து வந்த தொடர் என்பதால் முதல் நாட்களில் காலையும் வாரிவிடும். கரு கருப்பையில் பதியும் நாட்களில் சிலருக்கு இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ கொஞ்சம் கசியும். வழக்கமான நாளை ஒட்டி வருவதால், 'இந்த மாதம் குறைவாகப் பட்டது' என்று தலை முழுகிவிட்டு இருந்துவிடுவார்கள். இந்தக் கசிவுக்குப் 'பதிவுக் கசிவு' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம்.

பாலூட்டும் தாயின் கதை இன்னும் சிக்கல். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, மாதவிடாய் இன்னும் திரும்பவில்லை. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் பாலூட்டுவது கருத்தடையாக உதவும். ஒன்று விட்டுப்போனாலும் நம்ப முடியாது. முட்டை முதலில் வெளியாகும், மாதவிடாய் அதற்குப் பிறகுதான் வரும் என்பதால், ஒருமுறைகூட வீட்டுவிலக்கு ஆகாமலேயே அடுத்தது தங்கிவிடலாம். இவருக்குத் தள்ளிப்போவதற்கு நாளே கிடையாது! எனவே 'நாள் தவறல்' என்பதையே மொத்த வகைக்கும் பெயராக வைக்கலாம் என்ற யோசனையை ஏற்க முடியவில்லை. அது ஐயக்குறிகளில் ஒன்று, அவ்வளவே. 'மசக்கை'யும் அப்படித்தான். கடைசி மாதவிடாயிலிருந்து ஆறு வாரம் ஆகும்போதுதான் பலருக்குக் குமட்டல் தொடங்கும். தவிர, மசக்கை என்றாலே மாங்காயும் மகிழ்ச்சியும் கூடவே வந்துவிடுகின்றன. கையேட்டில் 'குமட்டல்' என்றே இருக்கட்டும்.

> ஐயம் என்பதும் சந்தேகம்தானே? பெண்ணைச் 'சந்தேகப்படுவது' என்று படித்துவிட மாட்டார்களா? 'ஐயமிட்டு உண்' என்பதில் வேறு பொருளும் இருக்கிறது.

இந்த மடல்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. சந்தேகம் என்ற சொல்லில் நடத்தையைக் குத்தும் முள் இருப்பது உண்மை. அதனால்தான் 'சந்தேகக்குறி'யை விலக்கினேன். ஐயம் நம் மனத்துக்குள் எழுவது, ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவது. பிச்சை என்ற பொருள் இந்த இடத்தில் யாருக்கும் தோன்றாது. இதே காரணத்தால்தான் வரைவில் இருந்த 'உடனே கணவரிடம் தெரிவிக்கவும்' என்ற வரியை அடித்தேன். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தமே, கருத்தடை தவறிய இடத்தில் 'மணமான பெண், அவர் கணவர்' என்று இருந்ததை 'எந்தப் பெண்ணும், அவர் துணைவரும்' என்று மாற்றிவிட்டது. சட்டம் எடுத்துவிட்ட தாலியை நாம் ஏன் திரும்பக் கட்ட வேண்டும்?

'வேண்டாக் கர்ப்பம்' வேண்டாம். திட்டமிடாதது எல்லாம் வேண்டாதது அல்ல. 'இப்போது வேண்டாம், இரண்டு வருடம் போகட்டும்' என்றிருந்தவர்களும் இதில் உண்டு. 'எதிர்பாராக் கர்ப்பம்' போதும்.

ஐயக்குறிக்குக் கீழே எழுதும் விளக்கம் இப்படி இருக்கலாம்:

'ஐயக்குறி: கருவுற்றிருக்கலாமோ என்று சோதித்துப் பார்க்கச் சொல்லும் குறி. கருவுற்றதை இது உறுதி செய்யாது. நாள் தள்ளிப்போனால் காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் சோதித்துப் பாருங்கள். ஒரு கோடுதான் வந்து, மாதவிடாயும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மீண்டும் பாருங்கள். அவசரக் கருத்தடை மாத்திரை போட்டிருந்தால் நாள் முன்பின் ஆகலாம்; மூன்று வாரத்தில் வராவிட்டால் சோதியுங்கள்.'

அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, கூடவே இரத்தப்போக்கு, தலைசுற்றல் – இவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அது கருக்குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'அபாயக்குறி' என்று தனிக் கட்டத்தில், சிவப்பில் போடுகிறோம்.

வாரக் கணக்கும் ஒரு சிக்கல். மருத்துவமனையில் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். நாள் தள்ளிப்போன அன்றே கணக்கில் நான்கு வாரம் ஆகிவிடுகிறது. கருக்கலைப்புச் சட்டத்தின் 20 வாரம், 24 வாரம் என்ற எல்லைகளைப் படிக்கிறவருக்கு இது தெரிந்தாக வேண்டும். 'ஜெஸ்டேஷனல் ஏஜ்' என்பதற்குக் 'கரு வயது' என்று எழுதினால் கரு உண்டான நாளிலிருந்து எண்ணிவிடுவார்கள், இரண்டு வாரம் பிசகும். 'கர்ப்ப வாரம்' என்று வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு நல்ல சொல் இருந்தால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.