நான் குண்டாக இருந்ததால்தான் மகனுக்கு ஏடிஎச்டி வந்ததா?

மாடித்தோட்டம்:
மகனுக்கு 7 வயது. மூன்று வரி எழுதுவதற்குள் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவான், பென்சிலின் பின்பக்கம் முழுக்கப் பல் தடம். போன வாரம்தான் டாக்டர் ஏடிஎச்டி (கவனக்குறைபாடும் அதீதத் துறுதுறுப்பும்) என்று உறுதி செய்தார். வீட்டுக்கு வந்து சொன்னதுமே மாமியார் "உடம்பைக் குறைச்சிட்டுப் பெத்துக்கோன்னு அப்பவே சொன்னேனே" என்றார். கர்ப்பத்துக்கு முன்பே எடை கூடிய பெண்களின் பிள்ளைகளுக்குக் கவனக்குறைபாடு அதிகம் என்று ஒரு செய்தியை நாத்தனார் வேறு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்போது நான் 82 கிலோ, உயரம் 156 செ.மீ. இது உண்மையா? இரண்டாவது குழந்தைக்கு யோசிக்கிற நேரத்தில் இப்படி.

புள்ளிக்கோலம்:
செய்தி பொய் இல்லை, பாதிதான் சொல்கிறது. 2014இல் ஸ்வீடனில் வெளிவந்த ஆய்வில், 1992 முதல் 2000 வரை பிறந்த சுமார் 6.7 லட்சம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். தாயின் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30ஐத் தாண்டியிருந்தால் பிள்ளைக்கு ஏடிஎச்டி வாய்ப்பு 64 சதவீதம் கூடுதல். நூற்றில் 64 பேருக்கு வரும் என்று படித்துவிடாதீர்கள், நூற்றில் 3 என்றிருப்பது 5 ஆகும், அந்த அளவுதான்.

அப்புறம் அதே ஆய்வில் உடன்பிறந்தவர்களை ஒப்பிட்டார்கள், இதைத்தான் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. ஒரே அம்மா, முதல் பிள்ளைக்கு முன் 60 கிலோ, அடுத்ததற்கு முன் 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைதான் காரணம் என்றால் இரண்டாவது பிள்ளைக்கு அதிகம் வர வேண்டும். அப்படி ஒரு தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆக, எடையைவிடக் குடும்பத்தில் ஓடுகிற மரபணுவும் வீட்டுச் சூழலும்தான் பெரிய சந்தேகம். இரட்டையர் ஆய்வுகளும் ஏடிஎச்டியில் மரபின் பங்கை 70 சதவீதத்துக்கு மேல் சொல்கின்றன.

வெட்டிப்பேச்சு:
செல்போனைப் பிடுங்கி வையுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

ரெட்டைவால் அம்மா:
@வெட்டிப்பேச்சு எங்கள் வீட்டில் பிடுங்கி வைத்து ஒரு வருஷம் ஆகிறது, இப்போது செருப்பு ஸ்டாண்டைப் பிரித்துக்கொண்டிருக்கிறான்.

@மாடித்தோட்டம் என் மகனுக்கு ஏடிஎச்டி இருக்கிறதா என்று பார்க்கக் கொடுத்த கேள்வித்தாளை நிரப்ப உட்கார்ந்த என் கணவர், பாதியில் நிறுத்தி "இது என்னைப் பத்தி எழுதியிருக்காங்க" என்றார். நானோ கல்யாணத்தின்போது 47 கிலோ. உங்கள் வீட்டுக்காரர் சின்ன வயதில் எப்படி என்று மாமியாரிடமே கேளுங்கள்.

பழைய நர்ஸ்:
குற்ற உணர்ச்சி வேண்டாம் கண்ணு. ஆனால் எடை ஒரு பொருட்டே இல்லை என்றும் எடுத்துக்கொள்ளாதே. உன் பிஎம்ஐ 33க்கு மேல் இருந்திருக்கிறது, இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே உடல்பருமன் கணக்குதான். கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிசேரியன் எல்லாம் கூடும், அதற்காகவாவது முன்கூட்டியே கொஞ்சம் குறை. சர்க்கரையும் பிரஷரும் இப்போதே பார்த்துவிடு, ஃபோலிக் ஆசிட் மாத்திரையைக் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும், டாக்டரிடம் கேள். கர்ப்பமான பிறகு பட்டினி கிடந்து குறைக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மாடித்தோட்டம்:
நன்றி எல்லோருக்கும். மாமியாரிடம் கேட்டேன். என் வீட்டுக்காரர் நாலாம் வகுப்பில் பையே இல்லாமல் பள்ளிக்கூடம் போய் நின்ற கதையைச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பாதியிலேயே என்னைப் பார்த்துவிட்டு, காபி ஆறுகிறது என்று எழுந்து போய்விட்டார்.