போர்ப்படத் திரைக்கதை: ரெண்டு பேர் எழுதினா எப்படிப் பிரிக்கிறது?

மேலமாசி: மருதநாயகம்னு சொல்ற யூசுப் கானை எதிர்த்துக் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்துன மதுரைக் கோட்டை முற்றுகையை ரெண்டு பேர் திரைக்கதையா எழுதுறாங்கன்னு வைங்க. சண்டைக் காட்சி ஒருத்தருக்கு, பேச்சுக் காட்சி இன்னொருத்தருக்குன்னு பிரிக்கிறதுதான் சரி. ஆயுதம் தெரியாதவர் எழுதினா நாயகன் நின்ன இடத்துலயே அஞ்சு பேரைச் சுட்டுருவான். அது நடக்காது. அந்தக் காலத் துப்பாக்கியில தோட்டாக் காகிதத்தைக் கடிச்சு, பொறி விழுற கிண்ணியில கொஞ்சம் வெடிமருந்து போட்டு, மிச்சத்தைக் குழல்ல கொட்டி, குண்டோட கம்பியால இடிக்கணும். பழகின சிப்பாய்க்கே நிமிஷத்துக்கு மூணு வெடிதான். மழையில மருந்து நனைஞ்சா அதுவும் இல்ல.

வைகைத்தெற்கு: அண்ணே, அந்த இருபது வினாடி இடைவெளியிலதானே ஆளோட குணம் தெரியுது? அதை எழுத வேண்டியவர் பேச்சு எழுதுறவர். அதைவிடப் பெரிய சிக்கல் கதையிலயே இருக்கு. 1764 ஜூன்ல கம்பெனிப் படை நேரடியா ஏறித் தோத்துப்போச்சு. அப்புறம் வழியடைப்புதான், உள்ள தானியம் தீர்ந்துக்கிட்டே போகுது. அக்டோபர்ல யூசுப் கானைப் பிடிச்சுக் கொடுத்தது கூட இருந்தவங்களே. 15-ம் தேதி தூக்கு. அப்ப அவர் கையைக் கட்டிப் பிடிச்சுக் கொடுக்கப் போறவன் ஜூன் சண்டையில சுவர் மேல அவர் பக்கத்துல நிக்கணும். காட்சியைப் பிரிச்சா அவன் அங்க வெறும் துணை நடிகன்.

மேலமாசி: அதை சீன் ஆர்டர்லயே, அதாவது காட்சி வரிசைப் பட்டியல்லயே முடிவு பண்ணலாமே தம்பி.

வைகைத்தெற்கு: சீன் ஆர்டர்ல "தாக்குதல் முறியடிப்பு"ன்னு ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். பேச்சுக் காட்சிக்கு ஒரு பக்கம் ஒரு நிமிஷம்னு கணக்கு வரும். சண்டையில ஒரே வரி நாலு நிமிஷம் ஓடும். அதனால சண்டையை இடம்வாரியா உடைச்சு எழுதணும்: யார் சுவருக்கு உள்ள, யார் அகழியில, யார் யாரைப் பார்க்க முடியும். இதுக்கு ரெண்டு பேருக்கும் ஒரே வரைபடம் வேணும். வெள்ளைக்காரர் காலத்துல பிளாக்பர்ன் மதுரைக் கலெக்டரா இருந்தப்ப கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்த இடம்தான் இப்ப இருக்கிற வெளிவீதிகள். நடந்தே தூரத்தை அளந்துக்கலாம். என் முறை இது: ஒன்லைனும் (சுருக்கக் கதை) சீன் ஆர்டரும் ரெண்டு பேரும் சேர்ந்து, இடைவேளை வரை ஒருத்தர், மிச்சம் இன்னொருத்தர், மாத்திக்கிட்டுத் திருத்தம், கடைசி வசனத் திருத்தம் மட்டும் ஒரே கையில.

திருமங்கலம்: ரெண்டு பேரும் உரிமையை விட்டுட்டீங்க. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒருத்தர் பங்கை இன்னொருத்தர் பங்குல இருந்து பிரிச்சுக் காட்ட முடியாதப்பதான் அது கூட்டுப் படைப்பு. மேலமாசி சொல்ற மாதிரி பிரிச்சு எழுதினா, "சண்டை என்னுது, வசனம் உன்னுது"ன்னு பின்னாடி பேச இடம் வரும். கதை டிஸ்கஷனுக்கு உட்காரும் முன்னாடியே டைட்டில்ல பெயர் வரிசை, பணப் பங்கு, ஒருத்தர் விலகினா என்னன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. தயாரிப்பாளருக்கு உரிமை கொடுக்கிற தாள்ல காலம் குறிக்கலைன்னா அஞ்சு வருஷம், எல்லை குறிக்கலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னுதான் சட்டம் எடுத்துக்கும்.

மேலமாசி: ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கிறேன். ஆனா கடைசித் திருத்தம் ஒரே கைன்னா, ஆயுத விவரம் தெரிஞ்சவர் அதுக்கப்புறமும் ஒரு தடவை படிக்கணும். வசனத்தை இறுக்குறேன்னு மருந்து இடிக்கிற நேரத்தை வெட்டிருவாங்க, சண்டையே பொய்யாயிரும்.

வைகைத்தெற்கு: படிக்கட்டும். குறிப்பு எழுதட்டும். காட்சியில கை வைக்கக் கூடாது.