டில்ட் பாதியில் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் சுற்றுகிறது (அவசரம்)

அலைவாய்:
ஸ்டெர்ன்டிரைவ் படகு (என்ஜின் உள்ளே, புரொப்பல்லர் உள்ள டிரைவ் பின்னால் வெளியே). டில்ட், அதாவது தூக்கும் பட்டனை அழுத்தினால் டிரைவ் பாதி வரை ஏறி நின்றுவிடுகிறது. இறக்கினால் ஒழுங்காக இறங்குகிறது. நாளை மறுநாள் படகைக் கரையேற்ற வேண்டும். டிரைவ் தூக்காமல் டிரெய்லரில் ஏற்ற முடியாது. டிரைவைத் தூக்கி இறக்கும் டிரிம் பம்ப்பை மாற்ற வேண்டியதுதானா? சீக்கிரம் சொல்லுங்கள்.

துடுப்பு:
என்ன மாடல்? டிரைவைத் தூக்கும் ராம் (ஆயில் அழுத்தத்தில் தண்டு நீளும் சிலிண்டர்) ஒன்றா, இரண்டா? ஆயில் பார்த்தீர்களா?

மின்னல்:
பேட்டரியைப் பாருங்கள். எனக்கு இப்படி ஆனபோது முனையில் பச்சை பூத்திருந்தது. சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டும், பட்டனை அழுத்தியதும் 10-க்குக் கீழே விழுந்துவிடும். மோட்டார் முனையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள்.

பழைய கை:
'பாதியில் நிற்கிறது' என்று மட்டும் எழுதினால் ஜோசியம்தான் சொல்ல முடியும். நிற்கும்போது மோட்டார் முக்குகிறதா, இலேசாக வேகமெடுத்துச் சுற்றுகிறதா? முக்கினால் கரண்ட் குறைவு அல்லது எங்கோ இறுக்கம். வேகமெடுத்தால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. இதையெல்லாம் இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் படிக்கும் பழக்கம் வேண்டும்.

அலைவாய்:
வேகமெடுத்துச் சுற்றுகிறது ஐயா. மாடல் தட்டில் எழுத்து அழிந்துவிட்டது. இரண்டு ராம். ஆயில் போன வாரம்தான் ஊற்றினேன், டிரைவ் மேலே இருந்தபோது. இறக்கியதும் மூடி வழியாகக் கொஞ்சம் வழிந்தது. ஊற்றியது 10டபிள்யூ-40 என்ஜின் ஆயில்.

பழைய கை:
என்ஜின் ஆயிலா? டிரிம் பம்ப்புக்கென்றே ஆயில் விற்கிறதே. கையில் கிடைத்ததை ஊற்றிவிட்டு இங்கே வந்து கேட்டால் எப்படி?

சுக்கான்:
மெர்க்ரூசர் (ஸ்டெர்ன்டிரைவ் கம்பெனி) கையேட்டிலேயே டிரிம் ஆயில் கிடைக்காவிட்டால் 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 ஊற்றலாம் என்று இருக்கிறது. அவரை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பழைய கை:
'கிடைக்காவிட்டால்' என்று இருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

மின்னல்:
நான் பல வருடமாக ஏடிஎஃப்தான் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்) ஊற்றுகிறேன்.

சுக்கான்:
ஏடிஎஃப் ஊற்றச் சொல்லும் கையேடுகளும் உண்டு. அவரவர் டிரைவுக்குச் சொன்னதை ஊற்ற வேண்டும், ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. பிரேக் ஆயில் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஊதிப்போகும்.

துடுப்பு:
ஆயில் சண்டை அப்புறம். தம்பி, டிரைவ் ஏறும்போது ஆயில் ராமுக்குள் போவதால் டாங்க்கில் குறையும், இறங்கும்போது திரும்பி வரும். அதனால்தான் உங்களுக்கு வழிந்தது. முழுக்க இறக்கிவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். ஆனால் போன வாரம் ஊற்ற வேண்டி வந்ததே ஏன்? எங்கோ ஒழுகுகிறது. காலையில் படகின் பின்பக்கத் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் தெரிகிறதா? இரண்டு ராம் தண்டுகளையும் துணியால் துடைத்து, நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். கையை உள்ளே விடும் முன் டிரைவுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், பம்ப்பை நம்பி அடியில் போகாதீர்கள்.

அலைவாய்:
படலம் இருந்தது, பக்கத்துப் படகினுடையது என்று நினைத்திருந்தேன். இடது ராம் தண்டு முழுக்க ஈரம். நடுவில் சிப்பி ஒட்டியிருந்த வட்டத் தழும்பு, நகம் அதில் மாட்டுகிறது. துடைத்து ஒரு முறை ஏற்றி இறக்கினால் சீல் ஓரத்தில் மறுபடி ஆயில் கசிகிறது.

துடுப்பு:
அதுதான். அந்தத் தழும்பு ஒவ்வொரு முறையும் சீலை அறுக்கிறது. ஆயில் குறைந்ததால் பாதி ஏறியதும் டாங்க் வற்றி, பம்ப் காற்றை இழுக்கிறது. இறங்க டிரைவின் எடையே உதவுகிறது. பம்ப் மேல் இப்போதைக்குச் சந்தேகம் வேண்டாம். டிரைவை முழுக்க இறக்கி, அதே 10டபிள்யூ-40-ஐக் குறி வரை ஊற்றி, ஆறேழு முறை ஏற்றி இறக்குங்கள். காற்று வெளியேறும். நடுநடுவே மோட்டார் ஆறட்டும். மறுபடி அளவு பாருங்கள். கரையேற்ற அது போதும். பிறகு தண்டையும் மாற்றுங்கள், வெறும் சீல் போட்டால் நிற்காது.

பழைய கை:
இது சரி. உப்புத் தண்ணீரில் கட்டும்போது டிரைவை இறக்கி வையுங்கள். தண்டு சிலிண்டருக்குள் இருந்தால் சிப்பி ஒட்டாது.

மின்னல்:
டிரைவ் முழுக்க தண்ணீரில் கிடந்தால் அதன் மேலெல்லாம் ஒட்டாதா?

பழைய கை:
ஒட்டும். சுரண்டலாம். தண்டைச் சுரண்ட முடியாது.

அலைவாய்:
ஏறிவிட்டது, படகு கரையில். இடது ராம் கழற்றியாயிற்று. நன்றி.