புதுப்பிப்பு: ரூட்டுக்கு மாறியும் கட்டளை கிடைக்காத பிரச்சினை தீர்ந்தது

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையின் டெபியன் (லினக்ஸ் வகை இயங்குதளம்) கணினியில் பிள்ளைகளுக்குப் புதுக் கணக்குத் திறக்கப் போனால், ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) மாறியும், புதுக் கணக்கு உருவாக்கும் 'அட்யூசர்' (adduser) என்ற கட்டளையே இல்லை என்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது சரி.

காரணம் ஒரு சின்னக் கோடுதான். வேறு கணக்குக்கு மாறும் கட்டளையை வெறுமனே 'எஸ்யு' (su) என்று அடித்தால் ஆள் மாறும், ஆனால் பழைய ஆளின் பாத் (கட்டளைகளைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) அப்படியே கூட வரும். அதில் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் (sbin) கோப்புறைகள் இருக்காது. அட்யூசர் கிடப்பதோ அங்கேதான். 'எஸ்யு -' என்று இடைவெளி விட்டுக் கோடு போட்டால், ரூட் நேரடியாக லாகின் செய்தது போல எல்லாம் புதிதாக அமையும். முந்திய டெபியனில் கோடு இல்லாமலே வேலை நடந்தது. 2019இல் வந்த டெபியன் 10இலிருந்துதான் இந்த மாற்றம். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

அப்புறம், பொறுப்பாக இருக்கும் பெடியளுக்கு ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்கவில்லை. சூடோ (sudo) குழுவில், அதாவது ரூட் அதிகாரத்தோடு கட்டளை கொடுக்க அனுமதி உள்ளவர்களின் குழுவில், சேர்த்துவிட்டேன். அவரவர் தங்கள் சொந்தக் கடவுச்சொல்லை அடித்தால் போதும், யார் என்ன கட்டளை கொடுத்தார் என்பதும் பதிவாகும். எனக்கு இதுவே நல்ல வழியாகப் படுகிறது. சேர்த்த பிறகு ஒருதரம் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

பழைய கணக்குக்குத் திரும்ப மறுபடி எஸ்யு அடிக்காதீர்கள், 'எக்ஸிட்' அடியுங்கள். இல்லாவிட்டால் ரூட் ஷெல் (ரூட்டாகக் கட்டளை அடிக்கும் அமர்வு) பின்னால் திறந்தபடியே கிடக்கும்.