"ஆண்களுக்கு 20% ஒதுக்கீடு"ன்னு இன்னொரு தடவை யாராவது எழுதினா...

கேத்லேப் பிரதர்
நேத்து இங்க கோவை வழிகாட்டி "பிளஸ் டூ முடித்த தம்பிகள் கவனத்திற்கு"ன்னு ஒரு பதிவு போட்டிருந்தார். எங்க சொந்தக்காரங்க குரூப்புக்கே அது சுத்தி வந்துருச்சு. அவர் எழுதினதை அப்படியே போடறேன்:

"நர்சிங் துறையில் ஆண்கள் குறைவு. எனவே எய்ம்ஸ் மருத்துவமனைகளில் ஆண்களுக்கு 20% தனி ஒதுக்கீடு உண்டு. போட்டி மிகக் குறைவு. படித்து முடித்தவுடன் 44,900 அடிப்படைச் சம்பளத்தில் மத்திய அரசு வேலை."

44,900 சரி. மத்திய அரசு சம்பளப் படியில லெவல் 7, நர்சிங் ஆபீசர். மிச்சமெல்லாம் கதை. 2019-ல எய்ம்ஸ்ல 80:20-ன்னு முடிவு பண்ணாங்க. நூறு இடம் வந்தா 80 பொண்ணுங்களுக்கு. மிச்சம் 20-க்கு இந்தியா முழுக்க இருக்கிற ஆம்பளைங்க அத்தனை பேரும் அடிச்சுக்கணும். எய்ம்ஸ் நர்ஸ் வேலைக்கான நார்செட் பரீட்சை எழுத வர்ற ராஜஸ்தான் பசங்க கூட்டத்தை இவர் பார்த்திருக்காரா? கோச்சிங் சென்டர் பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிப் படிக்கிறானுங்க. "போட்டி குறைவு"ங்கிறார்! அந்த 20 நமக்குக் குடுத்தது இல்ல சார். அதுக்கு மேல வராதேன்னு சொன்னது.

கோவை வழிகாட்டி
நண்பர் என் பதிவை முழுமையாகப் படிக்கவில்லை என நினைக்கிறேன். கேள்வி மிக எளிது. எய்ம்ஸ் தேர்வில் ஆண்களுக்கு 20% இடங்கள் உள்ளனவா, இல்லையா? உள்ளன. அதைத்தான் எழுதினேன். எதிர்மறையாகவே பேசுபவர்களால்தான் நம் பையன்கள் முன்னேறுவதில்லை.

கேத்லேப் பிரதர்
"உள்ளனவா இல்லையா"ன்னு வக்கீல் மாதிரி கேக்காதீங்க. அந்த முடிவுக்கு முன்னாடி ஆம்பளைக்கு எத்தனை சதவீதம்னு எல்லையே கிடையாது. மார்க் வாங்கினவன் உள்ள போனான். இப்ப 20-ல நிக்குது. நூத்துல இருந்து 20-க்கு இறக்குனா அதுக்குப் பேரு ஒதுக்கீடா?

அரசு வார்டு அக்கா
ஆரம்பிச்சுட்டாங்கப்பா. இந்த வேலையைக் காலங்காலமா பொம்பளைங்க பார்த்தோம். பேஷண்ட்டுலயும் பொம்பளைங்க நிறைய. 80 வச்சது தப்பா? தம்பி, 20 உனக்குக் கம்மியாத் தெரியுதா? நாங்க 2015-ல தமிழ்நாட்டு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தோட (எம்.ஆர்.பி.) பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி வந்தோம். மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். ரெண்டு வருஷத்துல பணி நிரந்தரம்னாங்க. 2017 நவம்பர்ல சென்னை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரகம்) வளாகத்துல உக்காந்து போராடினோம், நினைவு இருக்கா? அப்ப எந்த சதவீதக் கணக்கும் எங்களுக்கு வந்து கை குடுக்கல.

கேத்லேப் பிரதர்
அக்கா, உங்க போராட்டத்துக்கு நான் எதிரி இல்ல. நான் கேட்டது 20.

பி.இ. முடிச்ச பாவி
20 அரியர் வச்சிருந்தவன் நான். அந்த நம்பரைப் பார்த்தாலே பயமா இருக்கு. நடத்துங்க.

ரியாத் எமர்ஜென்சி
உள்ளூர்ல கிடந்து 20க்கும் 80க்கும் அடிச்சுக்கிறீங்க. ரெண்டு வருஷம் நல்ல ஆஸ்பத்திரில ஐ.சி.யு., கேஷுவால்டின்னு அனுபவம் சேத்துட்டு, சர்டிபிகேட் சரிபார்க்கிற டேட்டாஃப்ளோ போட்டு, லைசென்ஸுக்கான பிரோமெட்ரிக் பரீட்சை எழுதி ஏறி வந்துருங்க. நான் அப்படித்தான் வந்தேன். 2015-ல நர்ஸுங்க சவுதி, குவைத் போறதுன்னா அரசு ஏஜென்சி வழியாத்தான்னு ஆர்டர் வந்துச்சு. நம்ம தமிழ்நாட்டு அரசோட ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் 1978-ல இருந்து நடக்குது. அவங்க வெப்சைட்டைப் பாருங்க, தெருமுனைல "ஃபாரின் வேலை"ன்னு போர்டு வச்சவன்கிட்ட போகாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், இங்க வர்ற விளம்பரத்துல முக்காவாசி "பெண் நர்ஸ் மட்டும்"தான். ஆம்பளைக்குன்னா எமர்ஜென்சி, ஐ.சி.யு., ஆண்கள் வார்டு, ஆம்புலன்ஸ், டயாலிசிஸ்.

கேத்லேப் பிரதர்
பார்த்தீங்களா! ரியாத்லயும் அதே கதை. 20 கூட இல்ல.

கோவை வழிகாட்டி
நண்பரே, பேருந்தில் பெண்கள் இருக்கை போக மீதி இருக்கையில் ஆண்கள் உட்காருகிறார்கள் அல்லவா? அதை "ஆண்களுக்குத் தடை" என்று யாராவது சொல்வார்களா? மனநிலையை மாற்றுங்கள்.

கேத்லேப் பிரதர்
ஐயா சாமி! பஸ்ஸுல மிச்ச சீட்டுல பொம்பளையும் உக்காரலாம், ஆம்பளையும் உக்காரலாம். இங்க நாலுல மூணுக்கு மேல அந்தப் பக்கம். உதாரணம் சொல்றதுன்னா கணக்கு தெரிஞ்சு சொல்லணும். உங்க 20-க்குப் பஸ் எல்லாம் தேவையில்ல, ஷேர் ஆட்டோ போதும்.

அரசு வார்டு அக்கா
பஸ்ஸுல பெண்கள் சீட்டுல உக்காந்துக்கிட்டுத் தூங்கற மாதிரி நடிக்கிற ஆம்பளைங்களைப் பத்தி இங்க யாரும் பேச மாட்டீங்களே.

தஞ்சாவூர் சகோதரி
மன்னிக்கணும், நடுவுல வர்றேன். என் தம்பி பயாலஜி குரூப். பி.எஸ்சி. நர்சிங் ஃபார்ம் போடலாமான்னு வீட்டுல பேச்சு. அப்பா "ஆம்பளப் பையன் ஊசி போடற வேலைக்கா"ங்கிறார். தனியார் காலேஜ்ல ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்குவாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா? சம்பளம் ஆரம்பத்துல எவ்வளவு வரும்? தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.

கேத்லேப் பிரதர்
சகோதரி, தம்பி எதை வேணா படிக்கட்டும். இந்த 20 சதவீதக் கதையை நம்பி மட்டும் படிக்க வேணாம்னு சொல்லுங்க. என் அனுபவத்தைச் சொல்றேன், கேளுங்க.

நான் நாலு வருஷம் படிச்சு வெளிய வந்தப்ப ஒரு தனியார் ஆஸ்பத்திரில 12 ஆயிரம் குடுத்தாங்க. பேரு வேணாம். இன்டர்வியூல மேட்ரன் என் மார்க் ஷீட்டைப் பார்க்கல. என் தோளைப் பார்த்தாங்க. "கேஷுவால்டிக்கு ஆள் வேணும், பேஷண்ட்டத் தூக்கணும்"னாங்க. அதுக்குத்தான் ஆம்பள நர்ஸ். அப்புறம் கேத்லேப், அதான் ஆஞ்சியோ பண்ற ரூமுக்கு, வந்தேன். ஈயக் கோட்டை மாட்டிக்கிட்டு நாள் பூரா நிக்கணும். ஆஞ்சியோ முடிஞ்சதும் தொடையிடுக்குல போட்ட சீத்தை, அதான் அந்தக் குழாயை, உருவிட்டு ரெண்டு கையாலயும் அழுத்திப் பிடிக்கணும், ரத்தம் நிக்கிற வரைக்கும் கைய எடுக்கக் கூடாது. அப்படி அழுத்திக்கிட்டு நிக்கிறப்ப அந்தப் பெரியவர் கேக்கிறார், "தம்பி வார்டு பாய், நர்ஸம்மா எப்ப வருவாங்க?"

2016-ல உச்ச நீதிமன்றம் சொல்லி அமைச்ச கமிட்டி, 50 படுக்கைக்குக் கீழ உள்ள தனியார் ஆஸ்பத்திரில கூட 20 ஆயிரத்துக்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரைச்சுது. 200 படுக்கைக்கு மேலன்னா அரசு நர்ஸுக்குச் சமமாக் குடுக்கணுமாம். யார் குடுக்கிறா? அதைப் பத்தி வழிகாட்டி எழுத மாட்டார். எழுதினா காலேஜ்ல இருந்து கமிஷன் வராது.

கோவை வழிகாட்டி
கமிஷன் என்ற வார்த்தையைத் திரும்பப் பெறவும். பதினைந்து ஆண்டுகளாக இலவச வழிகாட்டுதல் செய்து வருகிறேன்.

ரியாத் எமர்ஜென்சி
அண்ணே, போன வருஷம் "யு.கே. போக ஓ.இ.டி.யில் எல்லாத்துலயும் சி பிளஸ் போதும்"னு எழுதினது நீங்கதான? அந்த இங்கிலீஷ் பரீட்சைல எழுத்துக்கு மட்டும்தான் சி பிளஸ். கேக்கிறது, படிக்கிறது, பேசறது மூணுலயும் பி வேணும். என் கூட வேலை பார்க்கிற பையன் உங்க பதிவை நம்பி பரீட்சைக் காசைத் தொலைச்சான். அந்தப் பதிவை அழிச்சிட்டீங்களே, ஏன்?

கோவை வழிகாட்டி
அது வேறு விவாதம். இங்கு 20% பற்றிப் பேசுகிறோம்.

கேத்லேப் பிரதர்
ஹா ஹா. இப்ப இவருக்கே 20 வேணுமாம்.

பி.இ. முடிச்ச பாவி
எங்க தெருவுல ஒரு அண்ணன் பி.எஸ்சி. நர்சிங் முடிச்சுட்டு 108-ல மருத்துவ உதவியாளரா இருக்கார். விபத்துன்னா முதல்ல போய் நிக்கிறது அவர்தான். ஊரே அவரை "டிரைவர் தம்பி"ங்குது. டிரைவர் வேற ஆளு! பொண்ணு பார்க்கப் போன இடத்துல "மாப்பிள்ளை நர்ஸா?"ன்னு கேட்டுட்டுக் காபியே குடுக்கலையாம்.

அரசு வார்டு அக்கா
பொண்ணு வீட்டுக்காரங்களைச் சொல்லாதீங்க. "நர்ஸ் பொண்ணு வேணாம், நைட் டூட்டி பார்ப்பா"ன்னு சொன்ன மாப்பிள்ளை வீடு எனக்கே எத்தனையோ தெரியும்.

சரி பிரதர், ஒண்ணு கேக்கறேன். 80 ஏன் வச்சாங்கன்னு யோசிச்சீங்களா? லேபர் வார்டுல நீங்க டூட்டி பார்ப்பீங்களா? பிரசவம் பார்க்கத் தெரியாத நர்ஸை வச்சு நாங்க என்ன பண்றது? அட்ஜஸ்ட் பண்ற டூட்டி எல்லாம் எங்க தலையிலதான் விழுது.

கேத்லேப் பிரதர்
வாங்கக்கா வாங்க, இதைத்தான் எதிர்பார்த்தேன். பிரசவம் பார்க்க எங்களுக்கு யார் விட்டாங்க? பழைய சிலபஸ்ல ஆம்பளைக்கு மிட்வைஃபரிக்கு (பிரசவம் பார்க்கிற படிப்பு) பதிலா வேற ட்ரெயினிங்னே இருந்துச்சு. எங்க செட்டுக்குப் பாடம் இருந்துச்சு, கேஸ் புக்கும் குடுத்தாங்க. லேபர் வார்டு வாசலுக்குப் போனா சீனியர் சிஸ்டர் ஸ்கிரீனை இழுத்து விட்டுட்டு, "தம்பி, நீ வெளிய நில்லு, நான் சொல்றதை எழுதிக்கோ"ன்னாங்க. உள்ள ஆம்பள டாக்டர் இருக்கார்! அவர் பார்க்கலாம். மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர் பையன் பார்க்கலாம். நான் ஸ்கிரீனுக்கு இந்தப் பக்கம். அப்புறம் "உனக்குத் தெரியாது, அதனால 20"ன்னா என்ன நியாயம்?

அரசு வார்டு அக்கா
அந்த வலியில படுத்திருக்கிறவ "ஆம்பள நர்ஸ் வேணாம்"னா அவகிட்ட போய் சமத்துவம் பேசுவீங்களா? டாக்டரை அவ தேர்ந்தெடுக்க முடியல. எங்களையாவது தேர்ந்தெடுக்கட்டுமே.

கேத்லேப் பிரதர்
சரி, லேபர் வார்டுக்கு 80 வைங்க. நூறே வைங்க. ஐ.சி.யு.வுக்கு எதுக்கு 80? நியூரோவுக்கு எதுக்கு? கட்டிப் போட முடியாத மனநோயாளி வார்டுக்கு யாரைக் கூப்பிடறீங்க? "பிரதர் வாங்க"ன்னுதான கூப்பிடறீங்க? ராத்திரி மூணு மணிக்குக் குடிச்சுட்டு வந்து கேஷுவால்டில நாற்காலியத் தூக்கறவன் முன்னால யாரை நிறுத்தறீங்க?

அரசு வார்டு அக்கா
எல்லா ராத்திரியும் பிரதர் வந்து காப்பாத்தற மாதிரி பேசாதீங்க. எங்க வார்டுல பிரதரே கிடையாது. நாங்களேதான் சமாளிக்கிறோம்.

கோவை வழிகாட்டி
விவாதம் திசை மாறுகிறது. ஆண்களுக்கு ராணுவ மருத்துவமனைகளிலும் அதிகாரி அந்தஸ்தில் நல்ல வாய்ப்பு உள்ளது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கேத்லேப் பிரதர்
அடப்பாவி மனுஷா! மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் 1943-ல போட்ட அவசரச் சட்டத்துல நடக்குது. அதுல பொம்பளைங்கதான் அதிகாரி. அதை எதிர்த்து ஆம்பளைங்க கோர்ட்டுக்குப் போனதாவது தெரியுமா? ஆம்பளையை நர்சிங் அசிஸ்டென்ட்டா எடுப்பாங்க, அது சிப்பாய் வேலை. லெப்டினன்ட் ஆகப் போறேன்னு எத்தனை பையன் உங்ககிட்ட ஃபீஸ் கட்டினானோ.

இன்னொண்ணு. உங்களுக்கு உதவி பண்ற மாதிரி ஒரு விஷயம் இருந்துச்சு, அதையும் நீங்க சொல்லல. 2024-ல இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிங்களை நடத்தற இ.எஸ்.ஐ.சி.க்கு யு.பி.எஸ்.சி. 1,930 நர்சிங் ஆபீசர் இடம் போட்டுச்சு. ரயில்வேல 713 நர்சிங் சூப்பரிண்டென்டென்ட். அங்கெல்லாம் இந்த 80:20 கிடையாது. பையனுங்களை அங்க அனுப்புங்கய்யா. உங்களுக்கு எய்ம்ஸ் போட்டாதான் ஷேர் ஏறும்.

கோவை வழிகாட்டி
ஆக, ஆண்களுக்கு மத்திய அரசு வேலை உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

கேத்லேப் பிரதர்
என்னது ஒப்புக்கொண்டேனா? மேல போய் முதல்ல இருந்து படிங்க. எய்ம்ஸ்ல 20-ங்கிறது ஒதுக்கீடு இல்ல. திரும்பச் சொல்றேன், ஒதுக்கீடு இல்ல.

தஞ்சாவூர் சகோதரி
சம்பளம் புரிஞ்சுது. சர்டிபிகேட் விஷயம் யாரும் சொல்லலையே? ஃபார்ம் கடைசி தேதி நெருங்குது.

ரியாத் எமர்ஜென்சி
வழிகாட்டி அண்ணே, ஓ.இ.டி. பதிவை ஏன் அழிச்சீங்க? ரெண்டாவது தடவை கேக்கறேன்.

பி.இ. முடிச்ச பாவி
சகோதரி, தம்பியை மட்டும் பி.இ. சேத்துராதீங்க. எனக்குப் போட்டி வேணாம்.

கோவை வழிகாட்டி
தனிநபர் தாக்குதல்களுக்குப் பதில் அளிப்பதில்லை. "ஆண்களுக்கான நர்சிங் வாய்ப்புகள், பாகம் 2" நாளை காலை வெளியாகும்.

கேத்லேப் பிரதர்
போடுங்க. நாளைக்கு எனக்கு ஆஃப். முதல் கமெண்ட் என்னோடதுதான்.

அரசு வார்டு அக்கா
ஆஃப் கிடைக்குதா? குடுத்து வச்சவர். இங்க மூணு நைட் தொடர்ச்சியாப் போகுது. இதுல 20 பத்தலையாம்.